ஒரு முள் குறைகிறது

இல்லைங்க அக்கா, காய்ச்சல் இல்லை. தொட்டுப் பாருங்க, உடம்பு சுடவே இல்லை. இவள் வயிற்றுக்குள் தூண்டில் முள் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். மீனில் இருக்கிற முள் இல்லை அக்கா. மீனைப் பிடிக்கிற இரும்பு முள். வளைந்து, நுனி கூராக இருக்குமே, அது.

போயிருக்கிறதோ இல்லையோ, தெரியவில்லை. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். பாருங்க, பாலுக்கு மாராப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறாள். இரு கண்ணு. இரு சாமி. இந்தா, பெரியம்மாவைப் பாரு, பெரியம்மா வளையல் போட்டிருக்காங்க பாரு.

நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? அப்பாவுக்கா? வழுக்கி விழுந்துட்டாரா, பாவம். உள்ளே முனகிக்கொண்டு படுத்திருந்தாரே, அவர்தானா. நான் இவளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்தேன். சரியாகிவிடும் அக்கா. எலும்புதானே, கட்டுப் போட்டால் கூடிவிடும்.

நான் இவ்வளவு பேசுகிறவள் இல்லை. எங்கள் வீதியில் கேட்டால் சொல்வார்கள், மாடி வீட்டுப் பிள்ளைக்கு வாய் இருக்கிறதா என்று. கடையில் கடுகு வேண்டுமென்றால்கூட ஆள் போகிறவரை நின்று கேட்பேன். இன்றைக்கு என்னமோ, வாயை மூடினால் அழுதுவிடுவேன் போல இருக்கிறது. நான் அழுதால் இவளும் அழுவாள். அழுதால் வயிறு எக்கும். முள் உள்ளே இருந்தால் வயிறு எக்கக் கூடாது இல்லையா. அதனால் பேசிக்கொண்டிருக்கிறேன். தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்க.

எங்கள் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார், போர் மோட்டார் எல்லாம். நல்ல கைக்காரர் என்று தோட்டத்துக்காரர்கள் தேடி வருவார்கள். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சாராயம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கை நீட்டினதே இல்லை. ஒரு சொல் சத்தமாகப் பேசினதில்லை அக்கா, இவளைப் பெற்று வந்த பிறகும் சரி, அதற்கு முன்னாலும் சரி.

அவருக்கு இருப்பதெல்லாம் தூண்டில் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்கு முன்னாலேயே பவானி ஆற்றுக்குப் போய்விடுவார். மற்ற நாளில் அதற்கான வேலை. வீட்டுக்கு வந்தால் பார்ப்பீங்க. எங்கள் ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவில் மண்புழு இருக்கும். முதல் தடவை தயிர் என்று திறந்துவிட்டேன். மைதாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை ஒரு கிண்ணத்தில் இருக்கும். நிலைக்கதவு மேலே தூண்டில் கழி. இவளுக்கு வாங்கின தொட்டில் கம்பியைக்கூடத் தூண்டில் ரீல் மாட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது பரவாயில்லை, சேலையில் தொட்டில் கட்டினேன். சேலைத் தொட்டில்தான் குழந்தைக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள்.

ஆற்றங்கரையில் நாளெல்லாம் உட்காருகிறாரே, அங்கே சோறு தின்ன மாட்டார். உப்புக்கண்டம்தான். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டால் வெகுநேரம் மெல்லலாம். வாயில் கண்டம் இருந்தால் பேச வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால்தான் மீன் வரும் என்பார். அதைச் சுட்டுக்கூடத் தின்ன மாட்டார், காய்ந்தபடியே மெல்லுவார். அந்தக் கண்டத்தை அவரே போடுவார். என்னைக் கத்தி தொட விடமாட்டார். கரண்ட் நிறுத்துகிற நாளில் அவர் கடை மூடியிருக்குமே, அன்றைக்குக் கறிக்கடை ரபீக் அண்ணனிடம் கொழுப்பில்லாத தொடைக்கறியாக வாங்கி வந்து, நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூசி, ராத்திரி கல் வைத்து அழுத்திவிட்டு, மறுநாள் மாடியில் கட்டுவார்.

எங்கள் அம்மா வீட்டிலும் கண்டம் போடுவார்கள். கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்து, கறித்துண்டில் குத்தி மாலை மாதிரிக் கட்டுவது. எல்லோரும் அப்படித்தானே. நீங்களும் அப்படித்தானா? அதுதான். இவர் அப்படி இல்லை. மாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் தங்கூஸ் நரம்பை, அதுதான் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பை, இழுத்துக் கட்டியிருக்கிறார். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன வளையம். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு தூண்டில் முள். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு கறித்துண்டு. நூலில் கோத்தால் துண்டும் துண்டும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஈரம் நிற்கும், புழு வைக்கும். முள்ளில் தொங்கினால் நாலு பக்கமும் காற்று. அவர் சொல்வது சரிதான், எங்கள் வீட்டுக் கண்டத்தில் புழு வைத்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்வார். காக்கை வராதாம். ஒருதடவை வாயில் குத்தினால் மறுபடி அந்தப் பக்கமே வராதாம்.

குத்திற்று அக்கா. போன ஐப்பசியில். நான் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோலோடு உட்கார்ந்திருந்தேன். கண்டம் காய்கிற நாளெல்லாம் நான்தான் காவல். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்து கீழே ஓடினேன், திரும்பி வருவதற்குள் ஒரு காக்கை கறியைக் கொத்தி, முள் அதன் வாயில் ஏறிவிட்டது. அந்தரத்தில் தொங்குகிறது. இறக்கையைப் போட்டு அடிக்கிறது. நரம்பு முழுக்க ஆடுகிறது, எல்லாக் கறியும் ஆடுகிறது. ஊர்க் காக்கையெல்லாம் வந்து கத்துகிறது. நான் இவளைக் கீழே உட்கார வைத்துவிட்டு, துண்டைப் போட்டுக் காக்கையைப் பிடித்து, முள்ளை எடுத்தேன். அந்த முள் போகிற மாதிரி திரும்பி வராது அக்கா. நுனியில் ஒரு செதிள் இருக்கும், பின்னால் இழுத்தால் சதையைப் பிடித்துக்கொள்ளும். இழுத்ததில் அதன் வாயோரம் கிழிந்தது. கிழிந்த வாயோடு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. இவள் கை தட்டிச் சிரித்தாள்.

அன்றைக்கு அவர் வந்ததும் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், எம் பொண்டாட்டி மாடியில காக்கா புடிக்கிறா என்று. நானும் சிரித்தேன். அப்புறம் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். கேட்டது இவ்வளவுதான் அக்கா: குழந்தை தவழுகிறாளே, இனிமேல் நூலில் கோத்துக் கட்டலாமா.

அவர் திட்டவில்லை. அதைத்தான் சொல்கிறேன், அவர் திட்டுகிற ஆளே இல்லை. சாப்பிட்டார், எழுந்தார், தட்டை அவரே கழுவி வைத்தார். எந்த ஆம்பளை செய்வான், சொல்லுங்க. அப்புறம் பேசவில்லை. என்னோடு பேசவில்லை. இவளைக் கொஞ்சுவார், நான் நடுவில் ஏதாவது சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பார். சட்டையை அவரே துவைத்துக்கொண்டார். காப்பி வைத்தால் ஆறிக் கிடக்கும். ஐப்பசி போய்க் கார்த்திகைத் தீபமும் வந்துவிட்டது. விளக்கேற்றுகிறேன், அவர் பக்கத்தில்தான் நிற்கிறார், தீப்பெட்டி எங்கே என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். நான்தான் கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன், உங்கள் இஷ்டம் போல் கட்டுங்க என்றேன். உடனே சரியாகிவிட்டார். அன்றைக்கே எனக்குப் பூ வாங்கி வந்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

நீங்க ஏன் அக்கா பேச மாட்டேன் என்கிறீங்க? சரி, அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பீங்க.

இவள் கண்டம் தின்பாள். அதையும் சொல்ல வேண்டும். பல் ஊறுகிற நேரத்தில் எதையாவது கடிக்கக் கேட்குமே, அப்போது அவர்தான் ஒரு துண்டைக் கழுவிக் கையில் கொடுத்துப் பழக்கினார். அதைச் சப்பிக்கொண்டு எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பாள். எம் மக புலிக்குட்டி என்பார். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் அவர் போன பிறகு, நான் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கண்டம் மூன்றாம் வெயிலில் காய்கிறது. இவள் நரம்புக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லையே என்று திரும்பினேன். வாயில் கண்டம். முழுத்துண்டு, பாதி உள்ளே போயிருக்கிறது. கறி எப்படிக் கீழே வந்தது என்று யோசிப்பதற்குள் இவள் இருமினாள். வாயிலிருந்து எச்சிலோடு சிவப்பாக வந்தது. ரத்தம் அக்கா. விரலை விட்டுக் கறியை வெளியே எடுத்தேன். கறியில் முள் இல்லை. நிமிர்ந்து நரம்பைப் பார்த்தேன். நடுவில் ஒரு வளையம் காலியாக ஆடுகிறது. அதில் கறியும் இல்லை, முள்ளும் இல்லை.

எனக்கு அந்தக் காக்கை ஞாபகம்தான் வந்தது.

தரையெல்லாம் தடவினேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தம் ஒன்று வைத்திருப்பார், விழுந்த முள்ளைப் பொறுக்குவதற்கு. அதை மாடி முழுக்க உருட்டினேன். ஒரு ஆணி வந்தது, ஒரு கொண்டை ஊசி வந்தது. முள் வரவில்லை. அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். ஆற்றுக்குப் போனால் அணைத்துவிடுவார். தெரிந்துதான் போட்டேன். முன்னால் ஒருதடவை இவளுக்குக் காய்ச்சல் என்று போட்டு, அந்தச் சத்தத்தில் பெரிய மீன் ஒன்று தப்பிவிட்டது. அதற்கும் அவர் திட்டவில்லை.

அப்புறம் கிளம்பி வந்தேன். உடனே வந்தேன் என்றுதான் உள்ளே சொன்னேன். உடனே என்றால், கண்டத்தை எடுத்து வைத்துவிட்டு.

ஆமாம் அக்கா. மேற்கே மூட்டம் போட்டிருந்தது. தூறல் விழுந்தால் மூன்று நாள் காய்ந்ததும் வீண். இவளை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பானையில் போட்டுத் துணி கட்டினேன். முள்ளையெல்லாம் செருப்பில் குத்தினேன். பழைய ரப்பர் செருப்பு ஒன்று வைத்திருப்பார், முள்ளெல்லாம் அதில்தான் வரிசையாகக் குத்தி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஓட்டை. எல்லாம் குத்தி முடித்த பிறகு ஒரே ஒரு ஓட்டை மட்டும் சும்மா இருந்தது. அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, ஒரு முள் குறைகிறது என்று. அதற்காகவும்தான் எடுத்தேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? கை பாட்டுக்குச் செய்தது அக்கா. இவள் முதுகில் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுகிறாளே, மூச்சு இருக்கிறது என்று தைரியமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவும் இதைத்தான் கேட்டார்கள், இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தே என்று.

கூப்பிடுகிறார்களா? சஷ்மிதா என்றுதானே சொன்னார்கள்? இவள் பேர்தான். இருங்க அக்கா. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க.

*

இருக்கிறதாம் அக்கா.

இருக்கிறது என்கிறார்கள். வெள்ளையாக, வளைந்து, வயிற்றுக்கு நேராக. டாக்டரம்மா விளக்குப் போட்ட பலகையில் படத்தை மாட்டிக் காட்டினார்கள். குழந்தை ஆடிவிட்டதால் தெளிவாக இல்லையாம், ஆனால் உலோகம்தானாம். இங்கே எடுக்க முடியாதாம், கோயமுத்தூருக்கு எழுதித் தருகிறார்களாம். வாய் வழியாகக் குழாய் விடுவார்களாம். செதிள் மாட்டிக்கொண்டிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவருமாம். கூட வேறு ஆள் இல்லையா, புருஷன் எங்கே என்று கேட்டார்கள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமையா என்றார்கள். ஆமாம் என்றேன்.

நான் அவரிடம் என்ன சொல்வேன் அக்கா. எப்படி ஆரம்பிப்பது. நீங்க பெரியவங்க, சொல்லுங்க. முதலில் கண்டத்தை எடுத்து வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் இதைச் சொன்னால்...

இல்லை. ஒரு நிமிஷம் இருங்க.

அந்தப் படத்தில் வளைந்த வெள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன உருண்டை இருந்தது. உருண்டை, பக்கத்தில் இலை மாதிரி ஒன்று. டாக்டரம்மா விரலை வளைந்ததன் மேல்தான் வைத்தார்கள். நான் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி. இங்கே பாருங்க அக்கா. என் கழுத்தில், தாலிக் கயிற்றில். இது இரண்டும் குண்டு. இது பொட்டு. இது ஊக்கு.

உள்ளே படம் எடுக்கும்போது இவள் கொலுசைக் கழற்றச் சொன்னார் அந்த எக்ஸ்ரே எடுக்கிற அண்ணன், அரைஞாண் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். எல்லாம் கழற்றினேன். இவளைப் படுக்க வைத்துக் கையைப் பிடித்துக்கொள் என்றார். குனிந்து பிடித்தேன். ரவிக்கைக்குள் இருந்த தாலி வெளியே வந்து இவள் மேல் விழுந்திருக்கும். விழுந்ததா? தெரியவில்லை. இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்குமா அக்கா? நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தவள். டாக்டரம்மா எவ்வளவு படித்திருப்பார்கள். நான் போய், அது என் ஊக்கு என்று சொன்னால் என்ன நினைப்பார்கள். சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்ததும் கோயமுத்தூர் போய்விடலாம். அங்கே அவர்களே கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்க மாட்டார்களா?

நீங்க சொல்லுங்களேன் அக்கா. நீங்க வந்து சொல்லுங்க. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இல்லை, நீங்க சொல்வது சரிதான். உங்களுக்கு என் தாலி எப்படித் தெரியும். நான்தான் சொல்ல வேண்டும். போகிறேன். இந்தக் கதவைத் தட்டலாமா, தட்டாமல் போகலாமா?

*

சொல்லிவிட்டேன்.

முதலில் சத்தம் வரவில்லை. என்னம்மா, சீட்டு இன்னும் எழுதல என்றார்கள். நான் கழுத்தில் கிடந்தபடியே தாலியை எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்தேன். டாக்டரம்மா பார்த்தார்கள். திரும்பப் படத்தைப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம், இன்னொரு படம் எடுப்போம், இது தப்பா இருந்தாலும் இருக்கலாம் என்றார்கள். நல்ல மாதிரி. கோபப்படவில்லை.

ஆனால் இன்னொரு சங்கடம் அக்கா. தாலியைக் கழற்றிவிட்டு வந்து பிடி என்கிறார் அந்த அண்ணன். ஊக்கைக் கழற்றலாம். தாலியை எப்படிக் கழற்றுவது. முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்கிறேன் என்றேன், குனிந்தால் மறுபடி வரும் என்கிறார். கழுத்தில் ஒன்றும் போடாத ஆள் யாராவது இருந்தால் பிடிக்கட்டும் என்கிறார்.

உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலிலேயே பார்த்தேன், உங்கள் கழுத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிக் கேட்பது எப்படி என்று.

பிடிக்கிறீங்களா? நிஜமாகவா? வளையலை மட்டும் கழற்றிக் கொடுங்க அக்கா, நான் வைத்துக்கொள்கிறேன். இவள் உதைப்பாள், கொஞ்சம் பார்த்து. பெரியம்மாகிட்டப் போடி கண்ணு.

*

இந்தாங்க உங்கள் வளையல்.

நீங்களும் கேட்டீங்கதானே? என் காதில்தான் அப்படி விழுந்ததோ என்று இருந்தது. ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னார்கள். வயிறு, தொண்டை, எல்லாம் சுத்தம். முள் இல்லை. ரத்தம் ஈறிலிருந்து வந்ததாம். கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டு வருகிறதாம், அந்த இடத்தில் கெட்டியானதைக் கடித்ததில் ஈறு கிழிந்திருக்கிறது. டாக்டரம்மா இவள் வாயைத் திறந்து காட்டினார்கள். வெள்ளையாக ஒரு அரிசி முனை. நான் பெற்ற பிள்ளையின் பல்லை நான் பார்க்கவில்லை பாருங்க.

குடி சாமி, குடி. எவ்வளவு நேரம் பட்டினி போட்டுவிட்டேன். அக்கா, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்து மேலே போர்த்திவிடுங்க. ஆமாம், அப்படி.

அப்புறம் அந்த முள் எங்கே அக்கா? அதைத்தான் நானும் யோசிக்கிறேன். காந்தத்துக்கும் வரவில்லை, இவள் வயிற்றிலும் இல்லை. வளையத்தில் இருந்தது எங்கே போகும். செருப்பில் அந்த ஓட்டை சும்மா இருக்கும். சாயங்காலம் பார்ப்பார். எங்கே என்று கேட்க மாட்டார். செருப்பைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். இவள் நன்றாக இருக்கிறாள், எனக்கு அது போதும். ஆனால் தை முழுக்கப் போய்விடும் என்று நினைக்கிறேன், அவர் பேசுவதற்கு. பொங்கல் வருகிறது. பொங்கலன்றைக்கு மட்டுமாவது பேசினால் நன்றாக இருக்கும். அம்மா வீட்டிலிருந்து சீர் கொண்டு வருவார்கள்.

போன். அவர்தான். பாருங்க, பெரிய ஆயுசு.

*

அதிகம் பேசவில்லை அக்கா. நீங்க பக்கத்திலேயே இருந்தீங்க, கேட்டிருப்பீங்க. அவர் குரல் சத்தமாகத்தான் இருந்தது, சந்தோஷத்தில். விரால் மாட்டியிருக்கிறதாம். முழங்கை நீளமாம். அதைச் சொல்லத்தான் போனைத் திறந்திருக்கிறார். மசாலா அரைச்சு வெய்யி புள்ள, வந்துக்கிட்டே இருக்கறேன் என்றார். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். கறி கீழே விழுந்ததையும், ரத்தத்தையும், முள் குறைகிறதையும். படம் எடுத்ததையும். ஒன்றும் இல்லை என்றார்கள் என்பதையும் உடனே சொல்லிவிட்டேன், அவர் பயந்துவிடக் கூடாதே என்று.

அவர் பயப்படவில்லை.

"அந்த முள்ளா, அது எங்கிட்ட இருக்குது" என்றார். "காத்தால நாந்தான் கழட்டிட்டு வந்தேன். அது ராசியான முள்ளு. அதுலதான் இந்த விரால் மாட்டுச்சு."

காலையில் இருட்டோடு மாடிக்குப் போய் அந்த முள்ளைக் கழற்றியிருக்கிறார். அதில் தொங்கின கறியை நரம்பின் மேல் சும்மா மடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். காற்றடித்ததும் கீழே விழுந்திருக்கிறது. இவள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். முள் காலையிலிருந்து ஆற்றில்தான் இருந்திருக்கிறது. நான் காந்தத்தை உருட்டும்போதும் ஆற்றில்தான். கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதும்போதும் ஆற்றில்தான்.

அப்புறம் கேட்டார், "எங்கிட்டக் கேக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டியா" என்று. திட்டுகிற மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான். இன்னொன்றும் கேட்டார். "கண்டத்த எடுத்து வெச்சியா, இல்ல காக்காய்க்குப் போட்டுட்டு வந்துட்டியா?"

எடுத்து வைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பானையில் போட்டு, துணி கட்டி, மேலே தட்டு வைத்திருக்கிறேன். ஒரு துண்டு குறையாமல். சொன்னால் முடிந்தது. சொல்ல வரவில்லை அக்கா. கோபமெல்லாம் இல்லை. எனக்குக் கோபமே வராது. காலையில் இவளை முதுகில் கட்டிக்கொண்டு நின்றேனே, அது ஞாபகம் வந்தது. இவள் அழ அழ ஒவ்வொன்றாகக் கழற்றினேனே, அது. வாய் திறந்தபடியே இருந்தேன்.

"ஏ புள்ள, உன்னத்தான் கேக்கறேன். கேக்குதா? பேசு" என்றார். கேட்கிறது. நன்றாகக் கேட்டது, பின்னால் ஆற்றுச் சத்தம்கூடக் கேட்டது. பேசு பேசு என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம் வைத்துவிட்டார்.

டவர் இல்லை என்று நினைத்திருப்பார். அங்கே டவர் சரியாகக் கிடைக்காது.

உங்கள் அப்பாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டார்களா? போங்க அக்கா, போய்ப் பாருங்க. நான் கொஞ்சநேரம் இங்கேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். இவள் பால் குடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். பாருங்க, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்தப் பல் தெரிகிறதா? இந்தப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்.

மறுபடி அடிக்கிறது. அவர்தான். அடித்தால் இவள் விழித்துக்கொள்வாள், இப்போதுதான் கண்ணை மூடினாள். சார்ஜும் குறைவாகத்தான் இருக்கிறது.

அக்கா, போகிறதற்கு முன்னால் ஒரு உதவி. இதை நான் வாங்கின நாளிலிருந்து அணைத்ததே இல்லை. எதை அழுத்தினால் அணையும்?